ரெண்டு மேசை

போன மாசம் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். காலை எட்டு மணிக்கு என்று சொல்லி முதல்நாள் ராத்திரியிலிருந்தே பட்டினி. மத்தியானம் மூணு மணிக்கு நர்ஸ் வந்து, "அவசர கேஸ் வந்துடுச்சுங்க, நாளைக்குப் பார்க்கலாம்" என்றார். மறுநாளும் இதே கதை. அப்பா சர்க்கரைக்காரர். கை நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம், எல்லா ஊரிலும் உண்டு.

அந்த வராண்டாவில்தான் மதுரை டாக்டர் ஜி. வெங்கடசாமி ஞாபகம் வந்தார். 1976-ல், 58 வயதில் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தவர். முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களால் லட்சம் ஆபரேஷன் செய்தவர் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிசாகப் படுவது அவர் நேரத்தைக் கணக்குப் போட்ட விதம்.

கண்புரை ஆபரேஷனில் டாக்டரின் கை வேலை கொஞ்ச நேரம்தான். ஆளைப் படுக்கவைக்க, கண்ணைச் சுத்தம் பண்ண, துணி போர்த்த, முடிந்ததும் கட்டுப்போட்டு இறக்கிவிட என்றுதான் நேரம் ஓடும். அதுவரைக்கும் டாக்டர் சும்மா நிற்கணும். அரவிந்தில் ஒரு டாக்டருக்கு ரெண்டு மேசை போட்டார்கள். ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்தவர் தயார். முடிந்ததும் மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்ப வேண்டியதுதான் பாக்கி. தயார்படுத்தும் வேலையைச் செய்பவர்கள் அங்கேயே பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள்.

வரிசையும் ஆஸ்பத்திரி வாசலில் தொடங்கவில்லை. ஊர் ஊராகக் கண் முகாம் போட்டு, ஆபரேஷன் தேவைப்பட்டவர்களை பஸ்ஸில் அழைத்து வந்தார்கள். நாளைக்கு எத்தனை பேர் என்று இன்றைக்கே தெரிந்துவிடும். 1992-ல் ஆரோலேப் ஆரம்பித்து லென்ஸையும் சொந்தமாகவே, மலிவாகச் செய்தார்கள். ஒரு டாக்டர் வருஷத்துக்குச் சுமார் 2000 ஆபரேஷன் செய்ய முடிந்தது இப்படித்தான்.

குடலிறக்கமும் கண்புரையும் ஒன்றா என்று கேட்பீர்கள். இல்லைதான். பெரிய ஆபரேஷன் எப்போது முடியும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. மயக்க மருந்து கொடுக்கும் இடத்தில் ரெண்டு மேசையும் சரிவராது. ஆனால் விபத்து கேஸ் தினமும் வரும் என்பது தெரிந்த சங்கதிதானே? அதற்கென்று ஒரு தியேட்டரோ, தினமும் ரெண்டு மணி நேரமோ ஒதுக்கி வைத்தால், தேதி குறித்துக் கொடுத்தவர்கள் பட்டினி கிடந்துவிட்டுத் திரும்ப வேண்டாம்.

டாக்டர் வெங்கடசாமி 2006-ல் காலமானார். அப்பாவுக்கு மூணாம் நாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "இப்பவாச்சும் காப்பி குடிக்கலாமாடா?"