ஆட்டமும் ஆடியோர் கூற்றும்: மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டின் வரலாற்றுச் சான்றுகள் (1969–1990)

ஆய்வுச் சுருக்கம்

மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டு அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் 1969க்கும் 1974க்கும் இடையில் உருப்பெற்றது. அச்சான விதிநூல்களை மட்டும் கொண்டு அதன் வரலாற்றை எழுத இயலாது என்பதும், ஆடியோரின் அனுபவக் கூற்றுகளே அதற்கு முதன்மைச் சான்றுகள் என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள். அக்கூற்றுகள் நினைவுக் கூற்று, உடன்காலப் பதிவு, பங்கேற்பாய்வுக் குறிப்பு என மூவகைப்படுத்தி மதிப்பிடப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பாத்திரமேற்பு விளையாட்டு, நிகழ்த்துதல், நினைவுக் கூற்று, பங்கேற்பாய்வு, விளையாட்டு வரலாறு.

முன்னுரை

இவ்விளையாட்டில் நடுவர் ஒருவர் கற்பனை உலகொன்றின் சூழலை விவரிக்கிறார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் என்ன செய்கிறது என்பதைச் சொல்கின்றனர். விளைவு ஐயத்துக்குரியதாகும் இடத்தில் பகடை உருட்டப்படுகிறது. வெற்றி தோல்வி என்னும் முடிவு பெரும்பாலும் இல்லை. ஆட்டம் கலைந்தபின் எஞ்சுபவை எண்கள் எழுதிய சில தாள்களும் வரைபடங்களுமே. சதுரங்க ஆட்டமொன்றைக் காய்நகர்வுக் குறிப்பிலிருந்து முழுமையாக மீட்டெடுக்கலாம்; பேச்சால் நிகழும் இவ்வாட்டத்தை அவ்வாறு மீட்க வழியில்லை. நாட்டார் வழக்காற்றியலார் பனுவலையும் நிகழ்த்துதலையும் வேறுபடுத்திக் காண்பர். அவ்வேறுபாடு இங்கும் பொருந்தும். விதிநூல் பனுவல், ஆட்டமோ நிகழ்த்துதல்.

நினைவுக் கூற்றுகள்

1969இல் மினியாபொலிஸ்–செயின்ட் பால் நகரங்களின் போர் விளையாட்டுக் குழுவினருக்காக டேவிட் வெஸ்லி, 'பிரவுன்ஸ்டைன்' என்னும் கற்பனை ஜெர்மானிய ஊரைக் களமாகக் கொண்டு ஓர் ஆட்டத்தை அமைத்தார். நெப்போலியன் காலப் போரொன்று அதில் நிகழ வேண்டும். படைத்தலைவர்களோடு நகரத் தலைவர், வங்கியாளர், பல்கலைக்கழகத் தலைவர் போன்ற பாத்திரங்களையும் அவர் ஆடுவோருக்குப் பகிர்ந்தளித்தார். ஆடுவோர் தம் பாத்திரங்களின் உள்நோக்கங்களைப் பின்பற்றித் தனித்தனியே பேரம் பேசவும் சூழ்ச்சி செய்யவும் தொடங்கினர். விதிகள் எதிர்பாராத வேண்டுகோள்களுக்கு வெஸ்லி அவ்விடத்திலேயே விடை புனைய நேர்ந்தது. போர் நிகழாமலே ஆட்டம் முடிந்தது. தம் முயற்சி தோற்றதாக அவர் கருதினார். ஆடியோரோ மீண்டும் ஆட வேண்டுமெனக் கேட்டனர்.

இந்நிகழ்வின் பொருளை உணர்ந்தவர்கள் வடிவமைத்தவரினும் ஆடியவர்களே என்பது இங்குக் கருதத்தக்கது. அக்குழுவைச் சேர்ந்த டேவ் ஆர்னசன் இம்முறையை 'பிளாக்மூர்' என்னும் தம் கற்பனை நாட்டுக்கு விரித்தார். அதனை அவர் 1972இன் இறுதியில் கேரி கைகாக்ஸுக்கு ஆடிக் காட்டினார். அதன் விளைவே இருவர் பெயரிலும் 1974இல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. மூன்று சிறுநூல்கள் கொண்ட அதன் முதற்பதிப்பு 1,000 படிகள். அந்நூல் தன்னைப் போர் விளையாட்டு விதிகள் என்றே அறிமுகம் செய்துகொண்டது. 'பாத்திரமேற்பு' என்னும் வகைப்பெயர் அதன்பின்னரே நிலைபெற்றது. ஆகவே, விதிநூலை மட்டும் படிப்பவர் புதியதொரு கலைவடிவம் பிறந்ததை அதில் காண இயலாது.

இச்சிக்கல் நீதிமன்றத்தையும் எட்டியது. உரிமைத்தொகை தொடர்பாக ஆர்னசன் 1979இல் வழக்குத் தொடுத்தார். 1981இல் அவ்வழக்கு இணக்கமாக முடிந்தது. எழுதப்பட்ட விதிக்கு உரியவர் யார் என்பதே சட்டத்தின் வினா. ஆடும் முறை யாரிடம் தோன்றியது என்பது வரலாற்றின் வினா. பின்னதற்கு விடை தேடுவோர் பிளாக்மூரில் ஆடியோரின் நினைவுகளையே பெரிதும் நாட வேண்டியுள்ளது. ஆனால் அந்நினைவுகளுட் பல, வழக்கும் புகழும் வந்தபின் சொல்லப்பட்டவை. அவற்றைத் தனித்து நம்பாமல் கடிதங்கள், இதழ்க் குறிப்புகள், வரைபடங்கள் ஆகியவற்றோடு ஒப்பிடுதல் இன்றியமையாதது.

உடன்காலப் பதிவுகள்

லீ கோல்ட் 1975 ஜூன் மாதத்தில் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து தொடங்கிய 'அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்' என்னும் இதழ் இவ்வகைக்குத் தலையாய சான்று. பங்களிப்பாளர்கள் தத்தம் பக்கங்களை எழுதி அனுப்ப, அவை ஒன்றாகத் தொகுக்கப்பட்டுச் சுற்றுக்கு விடப்பட்டன. ஆட்ட விவரிப்புகள், விதி மாற்றங்கள், முந்தைய இதழ்களுக்கான மறுமொழிகள் ஆகியன அதில் இடம்பெற்றன. ஒரே விதிநூலைக் கொண்டு ஊருக்கு ஊர் வெவ்வேறு வகையில் ஆடினர் என்பதை இவ்வகைப் பதிவுகள் காட்டுகின்றன. பின்விளைவு அறியாமல் எழுதப்பட்டமையால் இவை நினைவுக் கூற்றுகளினும் நம்பத்தக்கவை.

பங்கேற்பாய்வு

சமூகவியலாளர் கேரி ஆலன் ஃபைன், மினியாபொலிஸ் பகுதிக் குழுக்களோடு தாமும் ஆடி, 'ஷேர்டு ஃபேன்டஸி' என்னும் நூலை 1983இல் வெளியிட்டார். மினசோட்டா பல்கலைக்கழகத் தெற்காசியவியல் பேராசிரியர் எம்.ஏ.ஆர். பார்க்கர் உருவாக்கிய விளையாட்டும் அவரது ஆய்வுக்களத்தில் அடங்கும். எர்விங் காஃப்மனின் சட்டகக் கோட்பாட்டைத் தழுவி, மேசையில் அமர்ந்திருப்பவர் ஒரே வேளையில் மனிதராகவும் ஆடுபவராகவும் பாத்திரமாகவும் இயங்குவதை அவர் விளக்கினார். இம்மூன்றுக்கும் இடையே அவர்கள் நொடிக்கு நொடி மாறுவதும், அம்மாற்றத்தை உணர்ந்தே செய்வதும் நேரில் ஆடியமையால் அவருக்குப் புலப்பட்டன.

சான்று மறுக்கப்பட்ட காலம்

1979இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 16 வயது மாணவர் ஒருவர் காணாமற்போனபோது, செய்தியாளர்கள் அதனை இவ்விளையாட்டோடு இணைத்தனர். ஆட்டம் அதற்குக் காரணமன்று என்பது பின்னர் வெளிப்பட்டபோதும் ஐயம் நீங்கவில்லை. மகனை இழந்த பாட்ரிசியா புல்லிங் 1983இல் இவ்விளையாட்டை எதிர்க்கும் அமைப்பைத் தொடங்கினார். 1985இல் 'சிக்ஸ்டி மினிட்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சி இதனை விவாதித்தது. ஆடுபவர் தம்மைப் பாத்திரத்திலிருந்து பிரித்தறிய மாட்டார் என்னும் அச்சமே எதிர்ப்பின் அடித்தளம். அவ்வச்சத்தை ஆராய்வதற்கு உரிய கள ஆய்வு 1983இலேயே அச்சில் இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. விளையாட்டு வடிவமைப்பாளர் மைக்கேல் ஸ்டாக்போல் 1990இல் வெளியிட்ட அறிக்கை, புல்லிங்கின் தரவுகளையும் முறையையும் விரிவாக மறுத்தது. ஒரு தாயின் துயரம் மெய். அத்துயரம் சுட்டிய காரணம் சான்றால் நிறுவப்படவில்லை.

இங்கு மறுபக்கமும் உண்டு. குற்றம் சாட்டப்பட்டோர் தம் அனுபவத்தைத் தற்காப்பாகச் சொல்லத் தொடங்குவது இயல்பு. நட்பு, கற்பனை, மொழித்திறன் ஆகியவற்றை இவ்விளையாட்டு வளர்த்ததாகப் பிற்காலத்தில் கூறப்படுவனவற்றை இப்பின்னணியோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, பாத்திரமேற்பு விளையாட்டு விதியிலிருந்து மட்டும் பிறக்கவில்லை. விதி கைவிட்ட இடத்தில் ஆடியோர் செய்ததிலிருந்தும் பிறந்தது. இரண்டாவது, அதன் அனுபவக் கூற்றுகளை ஏற்பதா தள்ளுவதா என்பதைவிட, அவை எப்போது, யாருக்காகச் சொல்லப்பட்டன என்பதே முதன்மையான வினா. மூன்றாவது, 1980களின் அச்சம் காட்டுவதுபோல, ஆடியோர் கூற்றைச் சான்றாகக் கொள்ளாமை வெறும் ஆய்வுக்குறை அன்று. அது இளையோர் மீது பழியாகவும் விழக்கூடும். பேச்சோடு மறையும் பிற விளையாட்டுகளின் வரலாற்றை எழுதுவோருக்கும் இவ்வணுகுமுறை பயன்படும்.