அழைப்பாணையும் அதிகாரமும்

வாவிக்கு மேற்கே, கரடியனாற்றையும் வவுணதீவையும் உள்ளடக்கிய நிலத்தை மக்கள் படுவான்கரை என்பர். 2018 நவம்பர் 30 அன்று வவுணதீவில் பொலிசார் இருவர் கொல்லப்பட்டனர். பழி முன்னாள் போராளி ஒருவர்மீது விழுந்தது. அவர் தடுப்புக்காவலில் இருக்கையிலேயே, 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயம் குருதியில் தோய்ந்தது. இரண்டும் ஒரே கூட்டத்தினரின் செயல் என்பது பின்னரே தெரியவந்தது. புலனாய்வு எங்கே பிழைத்தது என ஆராயப் பாராளுமன்றம் தெரிவுக்குழுவொன்றை அமைத்தது. அக்குழுவின் அழைப்பாணைக்கு வலுவளிப்பது யாது என்பதே ஈண்டு நாம் எழுப்பும் வினா.

1953ஆம் ஆண்டின் பாராளுமன்ற அதிகாரங்கள், சிறப்புரிமைகள் சட்டம் சாட்சிகளை அழைக்கும் உரிமையைச் சபைக்கு அளித்தது. பாரிய மீறல்களைத் தண்டிக்கும் பொறுப்பை உயர் நீதிமன்றத்திடம் விட்டது. 1978இல் தேசிய அரசுப் பேரவை அப்பொறுப்பைத் தானும் எடுத்துக்கொண்டு பத்திரிகையாசிரியர் இருவருக்குத் தண்டம் விதித்தமையும், 1997இல் அது நீக்கப்பட்டமையும் தனிக்கதை. நாம் மனங்கொள்ள வேண்டியது இடைப்படியையே. விடயத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்பவர் சட்டமா அதிபர். அவரை நியமிப்பவர் சனாதிபதி. எளியவர்மீது இவ்வழி தடையின்றிச் செல்லக்கூடும். ஆட்சியின் உச்சியை நோக்கித் திரும்புகையில் அது அடைபடுகிறது.

2019 யூனில் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பதவியிலுள்ள புலனாய்வு அதிகாரிகளை அனுப்ப மறுத்தார். பின்னர் சிலர் ஊடகங்கள் விலக்கப்பட்ட அமர்வில் பேசினர். செப்டெம்பரில் அவரே சாட்சியமளித்தார்; ஆயின் சாட்சி குழுவிடம் வரவில்லை, குழுவே சனாதிபதி செயலகத்துக்குச் சென்றது!

2023 சனவரி 12 அன்று உயர் நீதிமன்றம் அவரைப் பத்துக் கோடி ரூபா இழப்பீடு செலுத்தப் பணித்தது. அத்தீர்ப்புக்கு வழிவகுத்தது சபையின் அழைப்பாணை அன்று. பிள்ளைகளைப் பறிகொடுத்தோர் உள்ளிட்டோர் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுக்களே.