ஓர் அங்குல விமானி

எட்டாம் வகுப்பில் பயிலும் என் பேரன், சென்ற விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சிறிய அட்டைப்பெட்டி ஒன்றை என் முன் கொண்டுவந்து வைத்தான். அதனுள் சாம்பல்நிறப் பிளாஸ்டிக் சட்டங்கள் சில. அவற்றில் இறக்கையும் வாலும் சக்கரமுமாகப் பற்பல துண்டுகள். இரண்டாம் உலகப் போரில் பறந்த ‘ஹரிக்கேன்’ என்னும் போர்விமானத்தின் மாதிரி அது. “தாத்தா, திங்கட்கிழமை பள்ளிக்குப் போவதற்குள் இதை முடித்துவிட வேண்டும். ஸ்பிட்பயர் ஒன்று முன்பே செய்துவிட்டேன், இரண்டையும் சேர்த்துத் தொங்கவிடப் போகிறேன்” என்றான். விளையாட்டுப் பொருள்தானே என்று நானும் உடன் அமர்ந்தேன். சனியும் ஞாயிறும் கழிந்தபின், ஒரு வரலாற்றுப் பாடத்தையே படித்து முடித்தவன் போல எழுந்தேன். அப்பாடத்தை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

சனிக்கிழமை காலையில் முதலில் எடுத்த துண்டு விமானியின் உருவம். நின்றால் ஓர் அங்குலம் இருப்பான், அவ்வளவே. ஏன் ஓர் அங்குலம்? இம்மாதிரிகள் எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்னும் அளவில் செய்யப்படுபவை. ஆறடி என்பது 72 அங்குலம். ஆகவே ஆறடி மனிதன் இங்கே ஓர் அங்குலமாகிறான். ஹரிக்கேனின் இறக்கை நுனிக்கு நுனி 40 அடி. மாதிரியில் அது ஏறத்தாழ ஆறேமுக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஸ்பிட்பயரின் இறக்கை 36 அடி 10 அங்குலம். மாதிரியில் ஆறு அங்குலத்துக்குச் சற்று மிகுதி. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அரை அங்குலம்! நம் வீட்டுக் கொலுப் பொம்மை ஒரு கருத்தைக் காட்டுவது. அதில் தலை சற்றுப் பெரிதானாலும் குற்றமில்லை. அளவு மாதிரியோ உண்மையின் அளவையே காட்டுவது. அதில் அரை அங்குலம் தவறினால் ஒரு விமானம் மற்றொரு விமானமாகிவிடும். இந்த அரை அங்குலத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதனிடம் திரும்பி வருவோம்.

இக்கலை பிறந்த நாடு இங்கிலாந்து. 1930-களின் தொடக்கத்தில் அங்கே ‘ஸ்கைபேர்ட்ஸ்’ என்னும் பெயரில் மரத்தாலான மாதிரித் தொகுப்புகள் விற்கப்பட்டன. எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்னும் அளவை நிலைநாட்டியவை அவையே. 1936-இல் ‘பிராக்’ என்னும் நிறுவனம் பிளாஸ்டிக் துண்டுகளால் ஆன தொகுப்புகளை முதன்முதலாக வெளியிட்டு, அவற்றுக்குப் ‘பெங்குவின்’ என்று பெயரிட்டது. அந்நிறுவனம் அதுவரை விற்றுவந்தவை உண்மையிலேயே பறக்கும் பொம்மை விமானங்கள், புதியவையோ பறக்காதவை. சிறகிருந்தும் பறவாத பறவை பெங்குவின் அன்றோ! அன்றைய பிளாஸ்டிக் செல்லுலோஸ் அசிடேட் என்னும் பொருளால் ஆனது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது நெளிந்து கோணிவிடும்.

அதே காலத்தில் உண்மை விமானங்களும் விரைந்து மாறிக்கொண்டிருந்தன. ஹரிக்கேன் முதன்முதலில் பறந்தது 1935 நவம்பர் 6-ஆம் நாள். ஸ்பிட்பயர் பறந்தது 1936 மார்ச் 5-ஆம் நாள். இரண்டும் ஒற்றை இயந்திரமும் ஒற்றை இறக்கை அடுக்கும் கொண்டவை. ஜெர்மானியரின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 என்னும் விமானமும் அத்தகையதே. தொலைவிலிருந்து நோக்கும் கண்ணுக்கு மூன்றும் விரைந்து செல்லும் மூன்று கரும்புள்ளிகள்.

இதனால் விளைந்த துன்பத்தைக் கேளுங்கள். பிரிட்டன் போர் அறிவித்தது 1939 செப்டம்பர் 3-ஆம் நாள். மூன்று நாள் கழித்து, 6-ஆம் நாள் காலை, எதிரி விமானங்கள் வருவதாகத் தவறான செய்தி ஒன்று எழுந்தது. ஹரிக்கேன்கள் சில வானில் ஏறின. அவற்றை அடுத்து ஸ்பிட்பயர்களும் ஏறின. வானில் எதிரி ஒருவனும் இல்லை. ஆயினும் ஸ்பிட்பயர் விமானிகள், முன்னே சென்ற ஹரிக்கேன்களை மெஸ்ஸர்ஷ்மிட் என மயங்கிச் சுட்டனர். இரண்டு ஹரிக்கேன்கள் வீழ்ந்தன. மாண்டேகு ஹல்ட்டன்-ஹாரப் என்னும் இளம் விமானி உயிர்நீத்தார். அப்போரில் மாண்ட முதல் பிரிட்டிஷ் போர்விமான ஓட்டி அவரே. அவரைக் கொன்ற குண்டும் பிரிட்டிஷ் குண்டே. சுட்டவர்கள் இருவரும் இராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டுக் குற்றமற்றவர்கள் என விடுவிக்கப்பட்டனர். அது முறையே. பிழை ஒருவருடையது அன்று. செய்தி அனுப்பியோர், ஆணையிட்டோர், பறந்தோர் என அனைவரையும் பற்றிய குழப்பம் அது. எனினும் அக்குழப்பத்தின் கடைசிக் கண்ணி, ஒரு மனிதனின் கண் ஒரு விமானத்தை வேறொன்றாகக் கண்டதே. அந்த அரை அங்குலம் இங்கே ஓர் உயிரின் விலையாயிற்று.

இவ்விரு விமானங்களும் நம் நாட்டார்க்கு முற்றிலும் அந்நியமானவை அல்ல. பிரிட்டிஷ் விமானப்படையின் சில பிரிவுகள் ‘சென்னை மாகாணம்’ என்னும் பெயரைத் தாங்கியிருந்தன. 1940-இல் அவற்றுள் 79-ஆம் பிரிவு ஹரிக்கேன்களையும், 234-ஆம் பிரிவு ஸ்பிட்பயர்களையும் செலுத்தி இங்கிலாந்தின் வானில் போரிட்டன.

கண்ணைப் பழக்குவது எங்ஙனம்? புத்தகத்தில் உள்ள படம் ஒரு பக்கத்தை மட்டுமே காட்டும். வானில் செல்லும் விமானமோ சாய்ந்தும் திரும்பியும் நூறு கோணங்களில் தோன்றும். ஆகவே கையில் எடுத்துச் சுழற்றிப் பார்க்கத்தக்க மாதிரிகள் தேவைப்பட்டன. 1942-இன் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை ஒரு வியத்தகு செயலைச் செய்தது. தொழிற்சாலைகளை நாடாது, பள்ளிகளை நாடிற்று. ஐம்பது வகை விமானங்கள், வகைக்குப் பதினாயிரம், ஆக மொத்தம் ஐந்து லட்சம் மர மாதிரிகளைச் செய்து தருமாறு உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வேண்டிற்று. உங்கள் வயதுச் சிறுவரும் சிறுமியரும் மரத்தைச் செதுக்கி, வார்ப்பட்டை வைத்து வளைவுகளைச் சரிபார்த்து, கறுப்பு வண்ணம் பூசி அனுப்பினர். அளவு பிசகியவை ஏற்கப்படவில்லை. செய்த எண்ணிக்கைக்கு ஏற்பப் படைப் பதவிகளைப் போன்ற பட்டங்களைத் தாங்கிய சான்றிதழ்கள் அவர்களுக்கு வழங்கப்பட்டன.

அம்மாதிரிகளின் அளவும் எழுபத்திரண்டில் ஒரு பங்கே. அதன் பயனைக் கணக்கிட்டுப் பாருங்கள். மாதிரியை 35 அடிக்கு அப்பால் தொங்கவிட்டால், 35-ஐ 72-ஆல் பெருக்க 2,520 அடி. ஏறக்குறைய அரை மைல். அரை மைலுக்கு அப்பால் உண்மை விமானம் எத்துணைப் பெரிதாகத் தோன்றுமோ, அத்துணைப் பெரிதாகவே ஒரு கூடத்தின் மறுகோடியில் அம்மாதிரி தோன்றும். வகுப்பறையே வானமாயிற்று!

போர் முடிந்தது. மாதிரிகள் படைவீட்டை விட்டுக் கடைத்தெருவுக்கு வந்தன. ஹங்கேரியிலிருந்து வந்து குடியேறிய நிக்கலஸ் கோவே என்பவர் 1939-இல் இங்கிலாந்தில் ‘ஏர்பிக்ஸ்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். காற்றடைத்த ரப்பர்ப் பொம்மைகளும், பின்னர்த் தலைசீவும் சீப்புகளும் செய்துவந்த நிறுவனம் அது. உருக்கிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சினுள் அழுத்திச் செலுத்தும் பொறி அதனிடம் இருந்தது. 1952-இல் ‘கோல்டன் ஹைண்ட்’ என்னும் பழைய பாய்மரக் கப்பலின் சிறு மாதிரியை எளிய பையில் இட்டு, இரண்டு ஷில்லிங் விலைக்கு விற்றது. அடுத்து ஸ்பிட்பயர் வந்தது. எஃகு அச்சு செய்யப் பெரும்பொருள் செலவாகும். ஆனால் செய்துவிட்டால் ஆயிரமாயிரம் படிகள் எடுக்கலாம். அதனால்தான் விலை ஒரு சிறுவனின் கைச்செலவுக்குள் அடங்கிற்று. 1981-இல் அந்நிறுவனம் நொடித்துக் கைமாறிற்று. எனினும் அப்பெயரில் மாதிரிகள் இன்றும் வெளிவருகின்றன.

இனி எங்கள் கதைக்கு வருவோம். சனிக்கிழமை உடற்பகுதியின் இரு பாதிகளையும் இணைத்தோம். அதற்குரிய பசை பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே சற்றுக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்குவது. ஆதலின் தவறாக ஒட்டினால் பிரித்தெடுப்பது அரிது. பேரன் பொறுமையிழந்து, பசை உலருமுன் இறக்கையைத் தூக்கினான், ஒன்று தாழ்ந்தது. மீண்டும் நிமிர்த்தி, இருபுறமும் தீப்பெட்டிகளை முட்டுக்கொடுத்து, இரவு முழுதும் விட்டுவைத்தோம். ஞாயிற்றுக்கிழமை வண்ணம் பூசி, நீரில் நனைத்த வட்டச் சின்னங்களை இறக்கையில் ஒட்டினோம். அப்பொழுதுதான் அவன் தானாகவே கண்டறிந்து சொன்னான்: “ஸ்பிட்பயர் இறக்கை நீள்வட்டமாக வளைகிறது, இது அப்படியில்லை. தடிமன், விளிம்பும் நேர். முதுகும் கூனலாக இருக்கிறது.” நான் கற்பிக்கவில்லை, அவன் விரல்கள் கற்பித்தன.

மாலையில், விமானி அறையுள் அமர்ந்திருந்த அந்த ஓர் அங்குல மனிதனைச் சுட்டி, “இவர் யார், தாத்தா?” என்றான். ஹல்ட்டன்-ஹாரப்பின் கதையைச் சொன்னேன். சிறிது நேரம் அவன் ஒன்றும் பேசவில்லை. பின்னர், கிணற்றடியிலிருந்து முருங்கை மரம் வரை கயிறு வைத்து அளந்தோம். சரியாக 35 அடி. அவன் கிணற்றடியில் திரும்பி நிற்க, நான் இரு விமானங்களுள் ஒன்றை நூலில் கட்டி மரக்கிளையில் தொங்கவிட்டேன். காற்றில் அது மெல்லச் சுழன்றது. “சொல், எது?” என்றேன்.

வழக்கமாக முந்திக்கொண்டு விடை கூறுபவன் அவன். அன்று கண்ணைச் சுருக்கி நின்று, “இருங்கள் தாத்தா, இன்னும் ஒருமுறை திரும்பட்டும், பார்த்துச் சொல்கிறேன்” என்றான்.

மாணவ நண்பர்களே, முப்பதாண்டுகள் ஆசிரியப் பணி செய்தவன் நான். அதைவிடச் சிறந்த விடையை எந்த மாணவரிடமும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.