நெடுநல்வாடையில் பள்ளியறை: சான்றாகத் தகுவது எது?

பண்டைத் தமிழரின் பள்ளியறை ஒப்பனை குறித்து எழுதுவோர் பெரிதும் சுட்டுவது, 188 அடிகளாலான நெடுநல்வாடையில் வரும் அரசியின் கட்டிலையே. போரில் பட்ட 40 வயது யானையின் கொம்பு, சுற்றிலும் முத்துவடம், அன்னத்தூவி அணை, அதன்மேல் கஞ்சியிட்டு வெளுத்த துகில், மேலே மெழுகு பூசிய விதானத்தில் மேடம் முதலாக எழுதிய வான்மண்டலம் என நக்கீரர் எதனையும் விட்டாரில்லை. இத்தனையிருந்தும் அரசிக்கு உறக்கமில்லை. மன்னன் பாசறையில் இருக்கிறான். திங்களைப் பிரியாத உரோகிணியை விதானத்தில் கண்டு அவள் பெருமூச்செறிகிறாள். பிரிவுத்துயரை மிகுவிக்கத் தொடுத்த இவ்வணிகளை அரண்மனைப் பொருட்பட்டியலாகக் கொள்வது பொருந்தாது.

வரலாற்றுக்கு உறுதியான சான்று, அதே பாட்டில் ஊர்மாந்தரின் கூதிர்காலத்தைக் கூறுமிடத்தில் போகிறபோக்கில் வருகிறது. அங்கே விசிறிகள் சுருக்கப்பட்டுச் சிலந்திநூல் படிய முளையில் தொங்குகின்றன. தென்றல் புகுதற்கென மேல்மாடத்து வேனிற்பள்ளியில் அமைத்த சாளரக் கதவுகள் தாழிடப்பட்டுள்ளன. மாந்தர் வாய் அகன்ற தடாவில் நெருப்பிட்டுக் குளிர்காய்கின்றனர். வேனிலுக்கெனத் தனித் துயிலிடம் அமைப்பதும், காற்றின் திசைநோக்கிச் சாளரம் வைப்பதும், குளிரில் அதனை அடைத்துவிடுவதும் கேட்போர் நன்கறிந்த வழக்கங்களாகவே இருந்திருத்தல் வேண்டும். அவற்றை விளக்கப் புலவர் ஓர் அடியும் செலவிடவில்லை.