உயிரிவானிலையியல் பயண விருதுகள்

உயிரிவானிலையியல் பயண விருதுகள் என்பவை, வானிலையும் காலநிலையும் மனிதர், விலங்குகள், தாவரங்கள் ஆகியவற்றின் மீது ஏற்படுத்தும் விளைவுகளை ஆராயும் இளம் அறிவியலாளர்கள் அனைத்துலக மாநாடுகளுக்குச் சென்று தம் ஆய்வை முன்வைப்பதற்காக வழங்கப்படும் சிறு நிதியுதவிகள் ஆகும். இவற்றுள் துறையின் பெயரோடு நேரடியாகத் தொடர்புடையது, ஐரோப்பிய வானிலையியல் சமூகத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பங்கேற்பதற்கென ஏற்படுத்தப்பட்ட திரொம்ப் அறக்கட்டளை இளம் அறிவியலாளர் பயண விருது ஆகும். இந்தியாவில் இத்துறைக்கெனத் தனிப் பயண விருது பரவலாக அறியப்படவில்லை. பொதுவான பயண உதவித் திட்டங்களையே ஆய்வாளர்கள் நாடுகின்றனர்.

விருது என்ற சொல் இங்கு சற்றே பெரிய சொல் ஆகும். பதக்கமோ பட்டமோ இதில் முதன்மையானதன்று. பதிவுக் கட்டணம், பயணச் சீட்டு, சில நாள் தங்கும் செலவு ஆகியவற்றின் ஒரு பகுதியே இதன் உள்ளடக்கம். எனினும் ஓர் ஆய்வு மாணவரைப் பொறுத்தவரை, தம் முடிவுகள் துறையின் மூத்தவர்களால் கேட்கப்படுமா இல்லையா என்பதை இத்தொகையே பல வேளைகளில் தீர்மானிக்கிறது.

துறையும் பெயரும்

உயிரிவானிலையியல் ஓர் இடைத்துறை ஆகும். வெப்ப அலையின்போது மருத்துவமனைகளில் சேர்க்கப்படுவோர் எண்ணிக்கை, கறவை மாடுகளின் பால் குறைவதற்கும் காற்றின் ஈரப்பதத்துக்கும் உள்ள தொடர்பு, மகரந்தத் துகள்கள் காற்றில் பரவும் பருவம், மரங்கள் பூக்கும் நாள் ஆண்டுதோறும் முன்பின்னாக நகர்தல் எனப் பலவும் இதனுள் அடங்கும். இவற்றுள் கடைசியாகக் கூறப்பட்டது பருவநிகழ்வியல் எனத் தனித்து அழைக்கப்படுகிறது. பயிர்களைப் பற்றிய பகுதி வேளாண் வானிலையியல் என்ற பெயரில் இந்தியாவில் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. மனித உடலைப் பற்றிய பகுதியோ அண்மைக் காலத்திலேயே இங்கு வளர்ச்சி பெற்றது.

திரொம்ப்

சோல்கோ வாலே திரொம்ப் (1909–1983) நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த நிலவியலாளர் ஆவார். 1956ஆம் ஆண்டில் பாரிசு நகரிலுள்ள யுனெஸ்கோ தலைமையகத்தில் அனைத்துலக உயிரிவானிலையியல் சங்கம் தோற்றுவிக்கப்பட்டபோது அதன் நிறுவனர்களுள் ஒருவராக இருந்தார். அமெரிக்க உடலியங்கியலாளரான பிரெடெரிக் சார்ஜென்ட் அச்சங்கத்தின் முதல் தலைவரானார். சங்கத்தின் ஆய்விதழ் 1957 முதல் வெளிவருகிறது. முதல் மாநாடு அதே ஆண்டில் வியன்னாவில் நடைபெற்றது. திரொம்ப் எழுதிய மருத்துவ உயிரிவானிலையியல் பற்றிய பெருநூல் 1963இல் வெளியானது.

திரொம்ப் சர்ச்சைக்கு அப்பாற்பட்டவர் அல்லர். நீரோட்டம் பார்த்தல், அதாவது கவைக்குச்சியைக் கையில் பிடித்து நிலத்தடி நீரைக் கண்டறியும் வழக்கத்துக்கு இயற்பியல் அடிப்படை உண்டு என நிறுவ முயன்று, 1949இல் அவர் ஒரு பெரிய நூலே எழுதினார். அக்கருத்து அறிவியல் உலகில் ஏற்கப்படவில்லை. வானிலைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைப் பேசுவோரை மருத்துவர்கள் ஐயத்துடன் நோக்கிய காலத்தில், இத்தகைய ஈடுபாடுகள் துறைக்கு நன்மை செய்திருக்க முடியாது. ஆயினும் பல துறையினரை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்ததில் அவருடைய பங்கு மறுக்கவியலாதது. அவர் பெயரிலான அறக்கட்டளையின் ஆதரவுடனேயே மேற்கூறிய பயண விருது வழங்கப்பட்டது.

தெரிவு முறை

ஐரோப்பிய வானிலையியல் சமூகம் 1999இல் நிறுவப்பட்டது. அதன் ஆண்டுக் கூட்டம் வழக்கமாகச் செப்டம்பர் மாதத்தில் ஏதேனும் ஓர் ஐரோப்பிய நகரில் நடைபெறும். இவ்வகைப் பயண விருதுகளுக்குப் பொதுவாக ஆய்வுச் சுருக்கம், தன்விவரக் குறிப்பு, வழிகாட்டியின் பரிந்துரை, செலவுக் கணக்கு ஆகியவை கோரப்படுகின்றன. சுருக்கம் மாநாட்டில் ஏற்கப்பட்டிருக்க வேண்டும் என்பது ஏறத்தாழ எங்கும் உள்ள விதி.

"இளம்" என்பதன் பொருள் இடத்துக்கு இடம் மாறும். சில அமைப்புகள் 35 வயதை எல்லையாகக் கொள்கின்றன. வேறு சில, முனைவர் பட்டம் பெற்ற பின் கழிந்த ஆண்டுகளைக் கணக்கிடுகின்றன. குழந்தை வளர்ப்புக்காகவோ குடும்பப் பொறுப்புக்காகவோ ஆய்வை இடைநிறுத்தியோருக்கு இரண்டாவது முறையே நியாயமானது. நம் நாட்டில் பள்ளி அல்லது கல்லூரி ஆசிரியராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய பின்னரே பலர் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்கின்றனர். வயது எல்லை இவர்களைத் தொடக்கத்திலேயே விலக்கிவிடுகிறது.

அளவுகோல்கள் யாருடைய உடலில் அளக்கப்பட்டவை?

தரவுகளை மின்னஞ்சலில் அனுப்பிவிடலாமே, ஆய்வாளர் ஏன் நேரில் செல்ல வேண்டும் என்ற கேள்வி எழலாம். இத்துறையில் அதற்குச் சிறப்பான விடை உண்டு.

வெப்ப அழுத்தத்தை அளக்க உலகெங்கும் பயன்படும் ஈரக்குமிழ் கோள வெப்பநிலைக் குறியெண் 1950களில் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது. கடற்படைக் காலாட்படைக்குப் புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள் பயிற்சியின்போது வெப்பத்தால் மயங்கி விழுவதைத் தடுப்பதே அதன் நோக்கம். வெயிலில் அதைக் கணக்கிடும் முறை எளிமையானது: ஈரக்குமிழ் வெப்பநிலையின் 0.7 பங்கு, கறுப்புக் கோள வெப்பநிலையின் 0.2 பங்கு, காற்றின் வெப்பநிலையின் 0.1 பங்கு ஆகியவற்றின் கூட்டுத்தொகை. ஈரப்பதத்துக்கே பெரும் எடை தரப்பட்டிருப்பதைக் கவனிக்கலாம். வியர்வை ஆவியாகாவிடில் உடல் குளிராது என்பதே காரணம். மே மாதத்தில் வேலூரின் வெப்பமானி சென்னையை விடக் கூடுதலாகக் காட்டினாலும், கடற்காற்றின் ஈரத்தால் சென்னையில் புழுக்கம் மிகுதியாகத் தோன்றுவதும் இதனாலேயே.

மனித உடலால் தாங்கக்கூடிய ஈரக்குமிழ் வெப்பநிலையின் மேல் வரம்பு 35 பாகை செல்சியசு என 2010இல் வெளியான கோட்பாட்டு ஆய்வு ஒன்று கூறியது. 2022இல் பென்சில்வேனியாவில் உடல்நலமிக்க இளைஞர்களிடம் நடத்தப்பட்ட சோதனைகள், ஈரப்பதம் மிக்க சூழலில் இவ்வரம்பு ஏறத்தாழ 31 பாகையே எனக் காட்டின. இவ்விரு எண்களும் முக்கியமானவை. ஆனால் மரக்காணம் உப்பளத்தில் பாத்தி வாரும் ஐம்பது வயதுப் பெண்ணின் உடல் இவற்றில் எங்கே உள்ளது? வெப்பத்துக்குப் பழகிய உடல் கூடுதலாகத் தாங்கலாம். குறைந்த ஊட்டமும், கழிப்பறை இல்லாமையால் நீர் அருந்தாமல் அடக்கிக்கொள்ளும் வழக்கமும் அதே உடலைப் பலவீனமாக்கலாம். இதை அளந்தவர் அரங்கில் இருந்தால்தான் கேள்வி எழும். குறியெண்களும் வரம்புகளும் மாநாட்டு அமர்வுகளிலும் அவற்றையொட்டிய குழுக்களிலுமே பேசி முடிவாகின்றன. அனைத்துலக உயிரிவானிலையியல் சங்கத்தின் குழு ஒன்று தொடங்கி, ஐரோப்பியக் கூட்டுத் திட்டத்தின் வழியாக நிறைவேறிய உலகளாவிய வெப்பக் காலநிலைக் குறியெண் இதற்கு எடுத்துக்காட்டாகும்.

ராம்தாசின் பட்டறிவு

தொலைவிலிருந்து வரும் முடிவுகள் எளிதில் நம்பப்படுவதில்லை என்பதற்கு இந்திய வானிலையியல் வரலாற்றிலேயே சான்று உண்டு. பாலக்காட்டில் பிறந்த எல். ஏ. ராம்தாஸ் (1900–1979) கல்கத்தாவில் சி. வி. ராமனிடம் பயின்றவர். 1932இல் புனேயில் தொடங்கப்பட்ட வேளாண் வானிலையியல் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். இந்திய வேளாண் வானிலையியலின் தந்தை என இவர் அழைக்கப்படுகிறார்.

காற்றில்லாத தெளிந்த இரவுகளில் மிகக் குறைந்த வெப்பநிலை நிலத்தை ஒட்டியே அமையும் என்பது பாடநூல்களின் கூற்று. ராம்தாசும் ஆத்மநாதனும் அளந்தபோது, நிலத்திற்குச் சிறிது உயரத்தில், ஏறத்தாழ ஒரு சாண் முதல் முழம் வரையான மட்டத்தில், நிலத்தைவிடக் குளிர்ந்த காற்றடுக்கு ஒன்று இருப்பதைக் கண்டனர். 1932இல் வெளியான இம்முடிவு அளவீட்டுப் பிழையாக இருக்கலாம் என ஐயுறப்பட்டது. பின்னர் பிற நாடுகளிலும் இது உறுதிப்படுத்தப்பட்டு, ராம்தாஸ் அடுக்கு எனப் பெயர் பெற்றது. இதற்குக் கோட்பாட்டு விளக்கம் ஒன்றை 1993இல் பெங்களூரைச் சேர்ந்த வாசுதேவ மூர்த்தி, சீனிவாசன், ரொத்தம் நரசிம்மா ஆகியோர் முன்வைத்தனர். இடையில் அறுபது ஆண்டுகள் கழிந்திருந்தன. நாற்றுகளும் பூக்களும் வளர்வது இந்த மட்டத்தில்தான் என்பதால், உறைபனிப் பாதிப்பு பற்றிய ஆய்வுக்கு இவ்வடுக்கு முக்கியமானது.

இந்தியாவில் பயண உதவி

இந்திய அறிவியலாளர்கள் வெளிநாட்டு மாநாடுகளில் கட்டுரை வாசிப்பதற்கு அறிவியல் மற்றும் பொறியியல் ஆய்வு வாரியம் பயண உதவி அளித்து வந்தது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளையுடன் அவ்வாரியம் இணைக்கப்பட்டுவிட்டது. அறிவியல் மற்றும் தொழிலக ஆய்வுக் குழுமமும், மருத்துவம் சார்ந்த ஆய்வுகளுக்கு இந்திய மருத்துவ ஆய்வுக் குழுமமும் தத்தம் விதிகளின்படி உதவி வழங்கியுள்ளன.

இடைத்துறை மாணவர் இங்கு ஒரு சிக்கலை எதிர்கொள்கிறார். வெப்பத்தால் தொழிலாளரின் சிறுநீரகம் பாதிக்கப்படுவதை ஆராய்பவர் மருத்துவ அமைப்பிடம் விண்ணப்பிப்பதா, புவி அறிவியல் அமைப்பிடம் விண்ணப்பிப்பதா? மதிப்பீட்டாளர் வானிலையியலாளராக இருந்தால் இது மருத்துவம் என்பார். மருத்துவராக இருந்தால் இது வானிலை என்பார். துறையின் பெயரிலேயே ஒரு விருது இருப்பதன் பயன் இவ்விடத்தில்தான் விளங்குகிறது.

தமிழகத்தில் இவ்வகை ஆய்வுக்குக் குறைவில்லை. போரூரில் உள்ள சிறீ இராமச்சந்திரா நிறுவனத்தில் வித்யா வேணுகோபால் தலைமையிலான குழு உப்பளம், செங்கற்சூளை, தொழிற்சாலை ஆகியவற்றில் வெப்ப அழுத்தத்தை அளந்து வந்துள்ளது. அங்கு 800 கருவுற்ற பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு, கடும் வெப்பத்தில் பணியாற்றியோருக்குக் கருச்சிதைவு வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு எனக் கண்டது. 2024இல் இது உலகச் செய்திகளில் இடம்பெற்றது. அதே ஆண்டு அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழப்போர் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் உதவித்தொகை நிர்ணயித்தது. அளந்து எழுதப்பட்ட எண்கள் அரசாணையாக மாறும் துறை இது.

தாம்பரமும் சுற்றுப்புறமும்

சென்னையின் தென்புறநகருக்கு இத்துறையோடு பழைய தொடர்பு உண்டு. மருத்துவர் டேவிட் சவுரிமுத்து 1928இல் தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். தாம்பரம் சானடோரியம் என்ற தொடருந்து நிலையப் பெயர் அதிலிருந்து வந்ததே. தூய காற்றும் திறந்தவெளியும் நோயைக் குணமாக்கும் என்பது அக்கால நம்பிக்கை. இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் அவர் நடத்திய மருத்துவமனையில் கணிதமேதை இராமானுசனும் 1917இல் சிகிச்சை பெற்றார்.

காற்றும் காலநிலையும் காசநோயைக் குணமாக்குமா என்பதற்கு விடை, சென்னையிலேயே கிடைத்தது. 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம் 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மருத்துவமனையிலும் மறு பிரிவினரை நெரிசல் மிகுந்த அவர்களது வீடுகளிலும் வைத்து ஒரே மருந்தை அளித்தது. 1959இல் வெளியான முடிவின்படி, வீட்டில் இருந்தோரும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தனர். மருந்தே முதன்மை, இடமன்று என்பது உலகுக்குத் தெரிந்தது. உயிரிவானிலையியல் சங்கம் பாரிசில் தோன்றிய அதே 1956இல், அதன் பழைய நம்பிக்கைகளுள் ஒன்றைச் சோதித்துத் தள்ளும் பணி சேத்துப்பட்டில் தொடங்கியது எனலாம்.

இன்றைய மாணவருக்கும் இப்பகுதியில் ஆய்வுப் பொருள் நிறைய உள்ளது. பரங்கிமலை–மேடவாக்கம் சாலையில் அமைந்துள்ள கீழ்க்கட்டளை ஏரியின் உபரிநீர் நாராயணபுரம் ஏரி வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடைகிறது. 2022இல் ராம்சார் தளமாக அறிவிக்கப்பட்ட இச்சதுப்புநிலத்துக்கு வலசைப் பறவைகள் வருகின்றன. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. மறு ஆண்டு டிசம்பர் 12இல் வர்தா புயல் இப்பகுதியின் மரங்களைப் பெருமளவில் சாய்த்தது. வெள்ளத்துக்குப் பின் கொசுப் பெருக்கம், மரநிழல் இழந்த தெருக்களின் வெப்பம், நீர்மட்டத்துக்கேற்ப மாறும் பறவை எண்ணிக்கை ஆகிய எதற்கும் விலையுயர்ந்த கருவி தேவையில்லை. தாம்பரத்தில் 1937 முதல் இயங்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் குறுங்காட்டு வளாகத்தில் கொன்றை பூக்கும் நாளை ஆண்டுதோறும் குறித்துவைப்பதே பயனுள்ள பருவநிகழ்வியல் தரவாகும்.

குறைபாடுகள்

பயண விருதுகளில் பல, செலவழித்த பின்னரே பணத்தைத் திருப்பித் தருகின்றன. பயணச் சீட்டையும் நுழைவு அனுமதிக் கட்டணத்தையும் முதலில் மாணவரே செலுத்த வேண்டும். உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகும் ஆய்வு மாணவர் கடன் வாங்கியே விருது பெற வேண்டியுள்ளது. முன்பணமாக அளிப்பது கணக்குத் தணிக்கைக்குச் சிக்கல் என்பர். ஆனால் அமைப்பே நேரடியாகச் சீட்டை வாங்கித் தருவதில் அச்சிக்கல் இல்லை.

விருது கிடைத்த பின் நுழைவு அனுமதி மறுக்கப்படுவதும், மாநாடு முடிந்த பின் அது கிடைப்பதும் ஆசிய, ஆப்பிரிக்க ஆய்வாளர்களுக்குப் புதிதன்று. ஐரோப்பிய ஆய்வாளருக்குத் தொடருந்துக் கட்டணத்தை நிறைவுசெய்யும் தொகை, சென்னையிலிருந்து செல்பவருக்கு வானூர்திக் கட்டணத்தில் பாதிக்கும் போதாமல் போகலாம்.

கோவிட்-19 பெருந்தொற்றின்போது மாநாடுகள் இணையவழிக்கு மாறின. 2021இல் ஐரோப்பிய வானிலையியல் சமூகத்தின் ஆண்டுக் கூட்டம் முழுவதும் அவ்வாறே நடைபெற்றது. இணையவழிப் பங்கேற்பு பயணத்தின் தேவையைக் குறைத்தது உண்மையே. வானூர்திப் புகையைக் குறைப்பதும் காலநிலையை ஆராய்வோருக்குப் பொருத்தமானதே. எனினும் திரையில் பத்து நிமிட உரை முடிந்ததும் இணைப்பு துண்டிக்கப்படுகிறது. தேநீர் இடைவேளையில் சுவரொட்டியின் முன் நின்று, கருவியை எந்த உயரத்தில் பொருத்தினீர்கள் என ஒருவர் கேட்பது திரையில் நிகழ்வது அரிது.