இடித்துக் கட்டிய பட்டணம்

தருமபுரி மாவட்டத்து இண்டூர்ப் பக்கத்து ஜனங்களுக்குக் கடல் என்பது வெகு தூரத்து விஷயம். மானாவாரிக் காட்டையும் ஏரியையும் அறிந்த நம்மவர்களில் கடல் பார்க்க ஆசை கொண்டவர்கள், அரூர், செங்கம் வழியாகத் திருவண்ணாமலையை அடைந்து, அங்கே அருணாசலேசுவரரைத் தரிசித்துவிட்டு, செஞ்சிக் கோட்டையைப் பஸ்ஸின் ஜன்னலிலிருந்து பார்த்தபடியே திண்டிவனத்தையும் கடந்து, புதுச்சேரிக் கடற்கரையில் போய் இறங்குவது வழக்கம். இறங்கியவுடன் மஞ்சளும் வெள்ளையும் பூசிய உயர்ந்த சுவர்களையும், வளைந்த வாயில்களையும், நூல் பிடித்தாற்போன்ற தெருக்களையும் கண்டு, முந்நூறு வருஷத்துப் பிரெஞ்சுக் கட்டடங்களைப் பார்த்துவிட்டதாக மனநிறைவு கொள்கிறார்கள். அந்த நிறைவைக் கெடுப்பது என் நோக்கமன்று. ஆயினும், அந்த வெள்ளையர் நகரில் 1761ஆம் ஆண்டுக்கு முற்பட்ட சுவர் ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பது வெகு பிரயாசை என்பதையும், அப்பட்டணத்தின் மிகப் பழைய சின்னம் அதன் தெருக்களே என்பதையும், அந்தத் தெருக்களுக்குக் கோடு கிழித்தவர்கள் பிரெஞ்சுக்காரர்களே அல்லர் என்பதையும் அறிந்து பார்க்கிறவனுக்கு, அந்த ஊரின் காட்சி இன்னும் சுவாரசியமாக இருக்கும் என்பதே நான் சொல்ல வந்தது.

பிரெஞ்சு அரசின் மந்திரியான கொல்பேர் 1664இல் தோற்றுவித்த கிழக்கிந்தியக் கம்பெனிக்கு, பீஜப்பூர் சுல்தானின் சார்பில் வாலிகொண்டபுரத்தில் அதிகாரம் செலுத்திய ஷேர்கான் லோடி என்பவர், நெசவாளர்களும் மீனவர்களும் குடியிருந்த இந்தக் கரையோரக் கிராமத்தில் வியாபாரம் செய்ய இடங்கொடுத்தார். 1674 முதல் அங்கே காரியம் பார்த்த பிரான்சுவா மர்த்தேன் என்பவரே பட்டணத்துக்கு அடிகோலியவர். இடங்கொடுத்த ஷேர்கானை 1677இல் சிவாஜி முறியடித்த பின்னரும், வந்தவர் யாராயினும் அவரோடு சமாதானமாகப் போய்க் கடையைக் காப்பாற்றிக்கொண்ட சாமர்த்தியம் மர்த்தேனுடையது. துறைமுகம் என்று பெயர் பெற்றதே தவிர, கப்பல் வந்து ஒதுங்கத்தக்க இயற்கைத் துறை அங்கே இல்லை. ஆழம் போதாமையால் கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்க, நம் மீனவர்கள் சலங்கு என்னும் படகுகளில் அலைகளைத் தாண்டிச் சென்று துணி மூட்டைகளை ஏற்றுவதும், வந்த சரக்கையும் மனிதர்களையும் நனையாமல் கரை சேர்ப்பதுமாக ஏறக்குறைய இரு நூற்றாண்டுகள் அந்தத் துறையின் பிழைப்பு நடந்தது. பெரிய பிரபுக்களாக வந்த கவர்னர்களும் கரை ஏறியது இந்தச் சலங்குகளிலேதான்.

1693இல் டச்சுக்காரர்கள் பெரும்படையோடு வந்து ஊரைப் பிடித்துக்கொண்டார்கள். ஐரோப்பாவில் 1697இல் செய்துகொண்ட ரிஸ்விக் உடன்படிக்கையின்படி அதைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. கைமாற்றம் முடிந்தபோது 1699ஆம் ஆண்டாகிவிட்டது. அந்தச் சொற்ப காலத்திற்குள், ஊர் நிரந்தரமாகத் தங்களுடையதே என்ற எண்ணத்தில், குறுக்கும் நெடுக்குமாகச் செங்கோணத்தில் வெட்டிக்கொள்ளும் தெருக்களை வகுத்து, இன்ன தொழில் செய்வோர் இன்ன தெருவில் குடியிருக்க வேண்டும் என்று 1694இலேயே படம் வரைந்து வைத்துவிட்டார்கள். அந்தப் படங்களை ஆராய்ந்து, பிரெஞ்சுக்காரரின் புத்திநுட்பம் என்று வெகுகாலம் புகழப்பட்ட நகர அமைப்பு டச்சுக்காரர்களின் கைவேலை என்று எடுத்துக் காட்டியவர் ழான் தெலோஷ் என்ற பிரெஞ்சுச் சரித்திரகாரரே என்பது அவருடைய நடுநிலைமைக்குச் சான்று. பிறர் போட்ட கோட்டிலேயே மர்த்தேனும் அவருக்குப் பின் வந்தவர்களும் வீடு கட்டினார்கள்.

மர்த்தேன் தம் கடைசிக் காலத்தில், ஐந்து மூலைகளிலும் கொத்தளங்கள் வைத்து, வோபான் என்ற பிரசித்தி பெற்ற கோட்டைச் சிற்பியின் முறையைத் தழுவி எழுப்பிய செயின்ட் லூயிக் கோட்டை 1706இல் முடிவுற்றது. அவ்வாண்டின் கடைசி நாளில் அவரும் கண் மூடினார். இன்று குழந்தைகள் ஓடியாடும் பாரதி பூங்காவும் அதன் சுற்றுப்புறமுமே அந்தக் கோட்டை நின்ற ஸ்தலம். 1742 முதல் 1754 வரை கவர்னராக இருந்த துய்ப்ளேயின் காலத்தில் பட்டணம் தன் உச்சத்தை அடைந்தது. அவருடைய துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் சற்றேறக்குறைய கால் நூற்றாண்டுக் காலம், துறையில் வந்த கப்பல் முதல் தர்பாரில் நடந்த வாக்குவாதம் வரை தினந்தோறும் தமிழில் எழுதி வைத்ததைப் போன்ற பொக்கிஷம் வேறு எந்தத் துறைமுகத்துக்கும் வாய்த்ததாக எனக்குத் தெரியவில்லை. அவர் பெயரால் வழங்கும் தெருவில் அவருடைய மாளிகை இன்றும் நிற்கிறது. கீழ்க்கட்டில் தமிழ் வீட்டுக்குரிய முற்றமும், அதைச் சுற்றிச் செதுக்கு வேலைப்பாடமைந்த மரத்தூண்களும் இருக்க, அண்ணாந்து பார்த்தால் மேல்மாடியில் வெள்ளைச் சுண்ணச்சாந்து பூசிய பருத்த ஐரோப்பியத் தூண்கள் வரிசையாகத் தென்படும். காலையில் சொந்தக்காரர்களோடும் மாலையில் துரைமார்களோடும் காலம் கழித்த மனிதருடைய வாழ்க்கையே இவ்விரண்டு தளங்களாகக் கட்டப்பட்டிருக்கிறது. தமிழர் நகரின் பக்கத்தில் இருந்தமையால் அது தப்பிப் பிழைத்தது.

தப்பாதவை அநேகம். 1748இல் ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவன் ஊரை முற்றுகையிட்டிருந்த சமயம் பார்த்து, சம்பா கோவில் என்று ஊரார் வழங்கும் மாதா கோவிலை அடுத்திருந்த வேதபுரீசுவரர் ஆலயம் துய்ப்ளேயின் அனுமதியோடு இடிக்கப்பட்டது. தம் எஜமானரின் காரியத்தைப் பிள்ளையவர்கள் தம் குறிப்பில் மனம் நொந்து எழுதியிருக்கிறார். ஈசுவரன் கோவில் பிற்பாடு வேறிடத்தில் எழுந்தது. வெள்ளையர் நகரின் நடுவிலேயே, கடற்கரைக்கு இரண்டெட்டில் உள்ள மணக்குள விநாயகர் கோவில் மட்டும், பிரெஞ்சுக்காரர் வருவதற்கு முன்பிருந்தே அங்கிருந்து, எல்லாக் கொந்தளிப்புகளையும் தாண்டி இன்றைக்கும் தும்பிக்கை ஆழ்வாரின் சந்நிதியாகவே விளங்குகிறது.

இடிப்பின் பெருங்கதை 1760இல் தொடங்குகிறது. அதில் தருமபுரியை உள்ளடக்கிய நம் பாராமகாலுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. ஆங்கிலேயரால் நெருக்கப்பட்ட பிரெஞ்சுத் தளபதி லாலி, மைசூரில் தலையெடுத்துக்கொண்டிருந்த ஹைதர் அலியிடம் உதவி வேண்ட, ஹைதரின் உறவினரான மக்தூம் அலி என்பவர் கடப்பை நவாபின் வசமிருந்த பாராமகாலைக் கைப்பற்றிக்கொண்டு, அங்கிருந்து கீழே இறங்கித் திருவதிகை அருகே ஆங்கிலப் படையொன்றைத் தோற்கடித்து, மாடுகளும் தானியமுமாகப் புதுச்சேரியை அடைந்தார். ஆனால் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஹைதரின் நாற்காலியே ஆட்டங்கண்டதால், வந்த படை வந்த வழியே திரும்பிவிட்டது. நகரம் பட்டினியில் வீழ்ந்தது. உண்ணும் வாய்களைக் குறைப்பதற்காக, ஏறக்குறைய 1,400 உள்ளூர்க் குடிகளை லாலி கோட்டை வாசலுக்கு வெளியே துரத்த, அவர்களை ஆங்கிலேயரும் அப்பால் போக விடாமையால், இரண்டு படைகளுக்கும் நடுவில் வேரையும் புல்லையும் தின்று அந்த ஏழை ஜனங்கள் நாட்களைத் தள்ளினார்கள். நகரின் சின்னங்களைக் காட்டுகிறவர்கள் இந்த இடத்தைக் காட்டுவதில்லை; காட்ட ஒரு கல்லும் அங்கே நடப்படவில்லை. 1761 ஜனவரி 16ஆம் தேதி ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டிடம் நகரம் சரணடைந்தது. அதே மாதத்தில் ஆனந்தரங்கப் பிள்ளையும் காலமானார். கடலூரில் தங்களுடைய செயின்ட் டேவிட் கோட்டையை 1758இல் லாலி தகர்த்ததற்குப் பதிலாக, ஆங்கிலேயர் மதில்களையும், கோட்டையையும், கவர்னர் மாளிகையையும், வெள்ளையர் நகரின் வீடுகளையும் முறைவைத்துத் தரைமட்டமாக்கினார்கள். லாலியோ தம் நாட்டிலேயே துரோகி என்று தீர்ப்புப் பெற்று 1766இல் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

1763இல் ஏற்பட்ட பாரிஸ் உடன்படிக்கையின்படி குப்பைமேடாகத் திரும்பக் கிடைத்த ஊரை 1765இல் ஏற்றுக்கொண்ட கவர்னர் ழான் லா, பழைய அஸ்திவாரங்களின்மேல் பழைய தெருக்கோடு பிசகாமல் கட்டடங்களை எழுப்பினார். அடித்தளம் கண்ணுக்குத் தெரியும்போது புதிதாகக் கோடு போடுவானேன் என்ற சிக்கனமும் அதற்குக் காரணமாயிருக்கலாம். மதில் நின்ற வட்டமே பிற்காலத்தில் நகரைச் சுற்றிவரும் புல்வார் சாலையாயிற்று. இந்த மறுநிர்மாணம் நடந்துகொண்டிருந்தபோது, சுக்கிரன் சூரியனைக் கடக்கும் அரிய காட்சியைக் காண லெ ழாந்தி என்ற வானசாஸ்திரி வந்து சேர்ந்தார். 1761இல் நேர்ந்த கடப்புக்காக முன்னரே ஒருமுறை புறப்பட்டு, ஊர் ஆங்கிலேயர் கையில் வீழ்ந்த செய்தி கேட்டுக் கப்பல் திரும்பிவிட, ஆடும் கப்பலின் தட்டிலிருந்து பயனின்றிப் பார்த்தவர் அவர். அடுத்த தடவைக்காகக் கீழ்க்கடல்களிலேயே எட்டு வருஷம் தங்கிவிட்டார். இடிந்த கோட்டையின் மிச்சத்தின்மேலேயே அவருக்கு ஒரு வானாராய்ச்சிக் கூடம் கட்டிக் கொடுக்கப்பட்டது. 1769 ஜூன் 4ஆம் தேதி காலை, அதுவரை தெளிவாயிருந்த ஆகாயத்தில் மேகம் திரண்டு சூரியனை மறைத்து, சுக்கிரன் கடந்து முடிந்த பிறகே விலகியது. இவர் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேட்டையும் கண்டு, பூமியிலிருந்து வெளிப்பட்ட பெரிய பழஞ்செங்கற்களை ஜனங்கள் பெயர்த்தெடுத்துக்கொண்டிருந்ததைக் குறித்திருக்கிறார். அச்செங்கற்கள் ரோமாபுரியோடு வியாபாரம் நடந்த காலத்துத் துறைமுகத்தைச் சேர்ந்தவை என்பது, 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டி ரோமானிய மட்பாண்டங்களை எடுத்த பிறகே உலகுக்கு நிச்சயமாயிற்று.

கட்டட வேலையைக் குறித்து ஒரு வார்த்தை. வரைபடம் எந்தத் தேசத்தாருடையதாயினும், கரணை பிடித்தவர்கள் நம் கொத்தனார்களே. தேக்கு உத்திரங்களின்மேல் கட்டைகளை நெருக்கிப் பரப்பி, அவற்றின்மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் தோய்த்துக் குத்தாக மூலைவாட்டில் அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் தட்டி இறுக்கி, இறுதியில் தட்டோடு பதித்து முடிப்பார்கள். இண்டூர்ப் பக்கத்திலும் பழைய மெத்தை வீட்டுக்காரர்களுக்கு இந்த வேலை தெரிந்ததே. முட்டை வெண்கருவைச் சேர்த்து இழைத்த சுண்ணப் பூச்சைக் கப்ஸ் கோவில் என்று வழங்கும், 1855இல் கட்டப்பட்ட தேவதூதர்களின் அன்னை ஆலயத்தில் இன்றும் கையால் தடவிப் பார்க்கலாம்; சலவைக்கல்லின் குளிர்ச்சி தெரியும்.

ஆங்கிலேயர் 1778இலும் 1793இலும் மறுபடி பிடித்து, கடைசியாக 1816இல் திருப்பிக் கொடுத்த பிறகே ஊருக்கு நிம்மதி பிறந்தது. நாம் இன்று பார்ப்பவற்றில் பெரும்பாலானவை அதற்குப் பிந்தியவை. 1836இல் கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. 1860களில் கடலுக்குள் இரும்புப் பாலம் நீண்டு, சலங்குக்காரர்களின் வேலையைக் குறைத்தது. 1879இல் விழுப்புரத்திலிருந்து ரயில் வந்தது. 1870இல் துய்ப்ளேக்குச் சிலை வைத்தபோது, அதைச் சுற்றி நிறுத்தச் செஞ்சி வெங்கடரமணர் கோவிலின் ஒற்றைக்கல் தூண்கள் உபயோகமாயின. இப்போது அவை மகாத்மா காந்தியின் சிலையைச் சூழ்ந்து நிற்கின்றன. துய்ப்ளே கடற்கரையின் தென்கோடிக்குப் போய்விட்டார். திருவண்ணாமலை வழியில் செஞ்சியைக் கடந்து செல்லும் நம்மவர், அக்கோவிலையும் இத்தூண்களையும் ஒரே பிரயாணத்தில் பார்த்துவிடலாம்.

பாரதி பூங்காவின் நடுவே வெள்ளை வெளேரென்று நிற்கும் ஆயி மண்டபத்தின் கதையும் இடிப்புக் கதையே. விஜயநகர அரசர் ஒருவர் தீபங்கள் ஒளிரும் மாளிகையைக் கோவிலென்று எண்ணி வணங்கினாராம்; அது ஆயி என்னும் தாசியின் வீடு என்று அறிந்து வெட்கமும் கோபமும் மேலிட, இடித்துத் தள்ள ஆணையிட்டாராம். அவளோ தானே இடிக்க அனுமதி பெற்று, அந்த இடத்தில் ஊராருக்குக் குளம் வெட்டி வைத்தாள் என்பது கர்ணபரம்பரை. மூன்றாம் நெப்போலியன் காலத்தில், அந்தக் குளம் இருந்த முத்திரப்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த பிரெஞ்சுக்காரர்கள், அந்த நீருக்குரிய நன்றியை ஆயியின் பெயரால் மண்டபமாக்கினார்கள். கவர்னர்களுக்கும் தளபதிகளுக்கும் வைத்த சின்னங்களைக் காட்டிலும் இது எனக்கு உசத்தியாகப் படுகிறது.

1908 முதல் பத்து வருஷம் பாரதியார் அடைக்கலம் புகுந்திருந்த ஈசுவரன் தர்மராஜா கோவில் தெருவையும், 1936 ஜூலை 30ஆம் தேதி துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் 12 பேர் மாண்ட சவானா ஆலையையும் யாத்திரிகர்கள் விட்டுவிடக் கூடாது. 1954 நவம்பர் முதல் தேதி பிரெஞ்சு நிர்வாகம் விலகியது, கட்டடங்கள் நின்றன. ஆயினும் நிற்பவை விழுவது நிற்கவில்லை. இரும்புப் பாலம் அதற்கு முன்பே, 1952இல், புயலுக்கு இரையாயிற்று; பின்னர் கட்டிய பாலத்தின் ஒரு பகுதியும் 2022இல் சரிந்தது. 1870ஐ ஒட்டிக் கட்டப்பட்ட மேரி கட்டடம் என்னும் நகராட்சி மாளிகை 2014 நவம்பரில் மழையில் இடிந்து குவியலாயிற்று. பழைய வடிவத்திலேயே அது மீண்டும் எழுந்து 2021இல் திறக்கப்பட்டபோது, இது பழைய கட்டடம் ஆகுமா என்று கேட்டவர்கள் உண்டு. ழான் லா கட்டியதும் அப்படித்தானே என்று எனக்குத் தோன்றிற்று. வெள்ளையர் நகரையும் தமிழர் நகரையும் பிரிக்கும் வாய்க்காலுக்கு மேற்கே, வைசியாள் வீதியில், திண்ணையும், தெருப்பக்கத்துத் தாழ்வாரமும், மரத்தூணும் குலையாமல் வரிசை வீடுகளைப் பழுதுபார்த்த முயற்சிக்கு 2008இல் யுனெஸ்கோவின் விருது கிடைத்தது. கடற்கரையோடு திரும்பிவிடுகிறவர்கள் வாய்க்காலைத் தாண்டி அந்த வீதிக்கும் ஒரு நடை போய்வரலாம். டச்சுக்காரர் கிழித்த கோடு அங்கேயும் நேராகவே போகிறது.