அன்பான வீடும் அரைவயிறும்

அயல்நாட்டில் படிக்கப்போகும் மாணவரை ஒரு குடும்பத்தோடு தங்கவைத்தால் சீக்கிரம் வேரூன்றுவார் என்பது பழைய நம்பிக்கை. 1888-இல் லண்டன் சென்ற காந்தியையும் நண்பர்கள் மேற்கு கென்சிங்டனில் ஒரு கைம்பெண்ணின் வீட்டில் சேர்த்தார்கள். வீட்டார் நல்லவர்கள், மகள்கள் கூடுதலாக ரொட்டித்துண்டு வைத்தார்கள். ஆனால் புலால் உண்ணாதவருக்கு என்ன சமைப்பதென்று தெரியவில்லை. கேட்கக் கூசியவர் அரைவயிற்றோடு எழுந்தார். ஃபாரிங்டன் தெருவில் சைவ உணவகத்தைக் கண்ட அன்றுதான் வயிறு நிறைந்தது. பின்னர் தனியறையில் தானே கஞ்சி காய்ச்சியபோது செலவும் கட்டுக்குள் வந்தது.

பேச்சும் மேசைப் பழக்கமும் குடும்பத்தில்தானே படியும் என்பார்கள். படியும்தான். ஆனால் வாடகை கொடுத்தும் விருந்தாளியின் கூச்சம் விலகாத இடத்தில் ஊன்றுவது கடினம். சேலத்தில் பிறந்த கே.டி. பால் 1920-இல் லண்டனில் இந்திய மாணவர்களுக்கென்றே ஒய்.எம்.சி.ஏ. விடுதி தொடங்கியதை அதனால்தான் பெரிய செயலாக மதிக்கிறேன்.